மளிகைப் பை வேண்டாம், காசாகவே கொடுங்கள்: செய்து பார்த்தவன் சொல்கிறேன்

2020 ஊரடங்கில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஊரில் பன்னிரண்டு வீட்டுக்கு மளிகைப் பை கொடுத்தோம். எல்லாரும் பங்காளி, மாமன் மச்சான் வகையறாதான். ஒருவன் ஓசூரில், ஒருவன் திருப்பூரில், ஒருவன் துபாயில், நான் மதுரையில், மற்ற இரண்டு பேர் உள்ளூரிலேயே. ஊர், உசிலம்பட்டியிலிருந்து எழுமலை போகிற பாதையில் மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. பையில் துவரம் பருப்பு, எண்ணெய், ரவை, சீனி, சோப்பு, கூடவே சேமியா பாக்கெட். கடைக்காரருக்கும் வியாபாரம் ஆகட்டுமே என்று ஊர்க் கடையிலேயே வாங்கினோம். நாலு நாள் கழித்து அவரே போன் போட்டார். "மாப்ள, நீங்க குடுத்த எண்ணெயும் சேமியாவும் திரும்ப எங்கிட்டயே வந்திருச்சுப்பா. பாதி விலைக்கு எடுத்துக்கிட்டேன்."

விற்றது கடைசி வீட்டு அத்தை. பேரனுக்குக் காய்ச்சல், பஸ் ஓடாத நேரம், உசிலம்பட்டி போய்வர ஆட்டோவுக்குக் காசு வேண்டும். ஆட்டோக்காரர் எண்ணெய் பாக்கெட்டை வாங்கிக்கொள்வாரா?

அன்றைக்கு எங்களுக்குக் கோபம்தான் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டால், நாங்கள் 240 ரூபாய் கொடுத்து வாங்கின பொருள் அத்தை கைக்கு 120 ரூபாயாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. முதலிலேயே காசாகக் கொடுத்திருந்தால் முழுசாக 240. இது விளங்க எங்களுக்குச் சில வருஷம் ஆனது. 2024 தை முடிந்து, நாலு வீட்டுக்கு மாதம் 1500 ரூபாய், பதினெட்டு மாதம், நேராக வங்கிக் கணக்கில் போட்டோம். நீங்களும் உங்கள் ஊரில் இப்படிச் செய்யலாம் என்று நினைத்தால் மேலே படியுங்கள். டிரஸ்ட், பதிவு எதுவும் தேவையில்லை. வெளியாரிடம் வசூலில் இறங்காமல் உங்கள் சம்பளத்திலிருந்து கொடுக்கிற வரைக்கும் இது சொந்தக்காரருக்குக் காசு அனுப்புகிற மாதிரிதான்.

உங்கள் பர்ஸை அப்புறம் திறக்கலாம்

முதல் வேலை காசு கொடுப்பது இல்லை. அந்த வீட்டுக்கு ஏற்கெனவே வர வேண்டிய காசு வருகிறதா என்று பார்ப்பது. இதை நாங்கள் ஆறாவது மாதத்தில்தான் செய்தோம், முதல் வாரமே செய்திருக்க வேண்டும்.

மேலத்தெரு சின்னம்மா ஒருவர், "நூறு நாள் வேலைக் காசு எனக்கு மட்டும் வரவே மாட்டேங்குதுய்யா" என்று பொழுதுக்கும் புலம்புவார். நாங்களும் அரசாங்கம் போடவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். விஷயம் என்னவென்றால், 2024 ஜனவரி 1 முதல் அந்தச் சம்பளத்தை ஆதார் வழியாகத்தான் போட ஆரம்பித்தார்கள். ஆதார் வழி என்றால், நீங்கள் எந்தப் பாஸ்புக்கைக் காட்டுகிறீர்கள் என்பது கணக்கு இல்லை, உங்கள் ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கே போய் விழும். சின்னம்மாவுக்கு எந்தக் காலத்திலோ கேஸ் மானியத்துக்காகத் திறந்த இன்னொரு கணக்கு இருந்திருக்கிறது. பாஸ்புக்கை எலி கடித்துவிட்டதாம், தூக்கிப் போட்டுவிட்டார். அந்தக் கணக்கில் ஏழாயிரத்துச் சொச்சம் கிடந்தது. நாங்கள் நாலு மாதம் கொடுத்ததை விட அதிகம்! இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். ஆதாரில் இருக்கிற செல்போனில் *99*99*1# போட்டு ஆதார் எண்ணைக் கொடுத்தால் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று காட்டிவிடும். போன் நம்பர் மாறிப்போயிருந்தால் வங்கிக்கே போய்க் கேளுங்கள்.

அடுத்து மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம். அந்த வீட்டுப் பெண் அதில் இருக்கிறாரா? இல்லை என்றால் ஏன் இல்லை? தொடங்கினபோது வைத்த விதிப்படி 21 வயது ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள், நிலம் நன்செய் ஐந்து ஏக்கர் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்குள். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் இதெல்லாம் தாராளமாகப் பொருந்தும். ஆனால் "மாமியாருக்கு முதியோர் பென்ஷன் வருது, அதனால நமக்குக் கெடையாது"ன்னு தாமாகவே முடிவு பண்ணி விண்ணப்பிக்காமல் விட்ட வீடுகள் எங்கள் ஊரிலேயே இருந்தன. பென்ஷன் வாங்குகிறவருக்குத்தான் கிடையாது, அதே வீட்டில் தகுதியுள்ள வேறு பெண் கேட்கலாம் என்று 2023 ஆகஸ்டிலேயே அறிவித்தார்கள்.

அப்புறம் 60 தாண்டிய ஆதரவற்றவர்களுக்கு முதியோர் உதவித்தொகை, கணவர் இல்லாதவர்களுக்கு விதவை உதவித்தொகை. இரண்டும் 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1200 ரூபாய். இ-சேவை மையத்தில் போட்டு, விஏஓ, ஆர்ஐ, தாலுகா அலுவலகம் என்று ஒவ்வொரு மேசையாக நகர்த்த வேண்டும். இங்கேதான் உங்கள் உதவி காசை விடப் பெரிசு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அப்பத்தா தாலுகா அலுவலகத்துக்கு நாலு தடவை நடக்க முடியாது, லீவு போட்டு நீங்கள் கூடப் போகலாம். கர்ப்பிணி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, வீட்டில் யாருக்காவது சொந்தப் பெயரில் நிலம் இருந்தால் விவசாயிகளுக்கு மத்திய அரசு கொடுக்கிற பிஎம் கிசான். பிஎம் கிசானில் தவணை நின்றுபோனால் முதலில் இ-கேஒய்சி, அதாவது ஆதார் வழியாக ஆளைச் சரிபார்ப்பது, முடிந்ததா என்று பாருங்கள்.

எந்த வீடு என்று முடிவு பண்ணுவது

"ரொம்பக் கஷ்டப்படறவங்க யாரு?" என்று ஊரில் கேட்காதீர்கள். கேட்டால் ஆளுக்கு ஒரு சொந்தக்காரர் பெயர் வரும். நாங்கள் கேட்ட கேள்வி மளிகைக் கடைக்காரரிடம்தான்: "மாமா, பிள்ளைய அனுப்பிச் சாமான் வாங்கற வீடு எது?"

புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பற்று நோட்டில் பாக்கி ஏறிப்போனால் பெரியவர்கள் கடைப் பக்கம் போக மாட்டார்கள். பத்து ரூபாய்க் காசைக் கொடுத்துப் பிள்ளையை அனுப்புவார்கள், மீதியை நோட்டில் எழுதச் சொல்லி. கடைக்காரர் பெரியவர்களிடம் கேட்பது மாதிரி பிள்ளையிடம் முகத்தைக் காட்ட முடியாது இல்லையா. இப்படி அவர் ஏழு வீட்டைச் சொன்னார். அங்கன்வாடி அக்காவிடம் தனியாகக் கேட்டோம், கிராமச் செவிலியரிடமும் கேட்டோம். மூன்று பேரும் சொன்ன வீடு நாலு.

அந்த நாலும் எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும்தான். பட்டியலைப் பார்த்த என் மதினி, "ஊருக்குக் கெழக்க இருக்கற தெருவுல கஷ்டப்படற ஆளே இல்லையா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். கடைக்காரருக்கு அந்தத் தெருவில் பற்றே கிடையாது, பற்றுக் கொடுக்க மாட்டார், அதனால் அவர் நோட்டில் அந்த வீடுகள் எப்படி வரும்? மறுபடி விசாரித்து இரண்டு வீட்டை மாற்றினோம். எங்களில் ஒருவனுக்கு அது பிடிக்கவில்லை, மூன்று மாதம் காசு போடவில்லை, அப்புறம் வந்து சேர்ந்துகொண்டான். இப்படியொரு சண்டை உங்கள் வாட்ஸப் குரூப்பிலும் வரும். வரவில்லை என்றால் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள்.

தொகை இருக்கட்டும், தேதியைச் சொல்லுங்கள்

என்னைக் கேட்டால் இந்த முழு வேலையிலும் முக்கியமானது இது ஒன்றுதான். மாதம் 1500 பெரிசில்லை, ஒரு வார கூலிதான். தேதி தெரிந்த காசு என்பதுதான் அதன் பலம்.

கூலி வீட்டில் காசே இல்லை என்பது பாதி உண்மை. காசு வரும், என்றைக்கு வரும் என்று தெரியாது. எங்கள் பக்கம் மல்லிகை எடுக்கப் போகிற பெண்களைப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் செடி கொட்டும். விடியும் முன்பே தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு போய்ப் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று நாலு காசு பார்க்கலாம். கார்த்திகை, மார்கழி, தை பனியில் மொட்டே வைக்காது. மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லி கிலோ இரண்டாயிரம், மூவாயிரம் என்று டிவியில் அடித்துக்கொள்கிற வாரம் இருக்கிறதே, அந்த வாரம்தான் பறிக்கிறவர் வீட்டில் கூலியே இருக்காது. பூ விலை ஏறினால் பூக்காரிக்குக் காசு என்று ஊருக்கு வெளியே இருக்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

தேதி தெரியாததால் என்ன ஆகும் என்றால், மலிவாக வாங்க முடியாது. அரிசி ரேஷனில் 2011 ஜூனிலிருந்து இலவசம், ஆக சோறு இல்லாமல் யாரும் கிடப்பதில்லை, சோற்றுக்கு மேலே என்ன ஊற்றுவது என்பதுதான் இன்றைய பிரச்சினை. ரேஷன் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25. கடைக்குப் பருப்பும் எண்ணெயும் வந்து இறங்குகிற அன்றைக்குக் கையில் 55 ரூபாய் வேண்டும். அன்றைக்கு இல்லை, அடுத்த வாரம் போனால் "தீந்து போச்சு". அதே பருப்பைத் தனியார் கடையில் பல மடங்கு கொடுத்துப் பற்றில் வாங்க வேண்டும். எண்ணெயும் அப்படித்தான், லிட்டராக வாங்க முடியாமல் தினம் பத்து ரூபாய்க்குச் சின்ன பாட்டிலில் ஊற்றி வாங்கினால் மாதக் கடைசியில் லிட்டர் விலையைத் தாண்டிப் போயிருக்கும். இல்லாதவர்களுக்குத்தான் எல்லாம் விலை கூட.

நாங்கள் ஒவ்வொரு வீட்டிலும் எந்தத் தேதி வேண்டும் என்று கேட்டோம். மூன்று வீட்டில் "அஞ்சாந் தேதி" என்றார்கள். உரிமைத் தொகை 15-ஆம் தேதி வாக்கில் வருகிறது, இது ஐந்தாம் தேதி வந்தால் மாதத்துக்கு இரண்டு காலாக நிற்கும். அந்தக் கணக்கு எங்களுக்குத் தோன்றவே இல்லை, அவர்கள் சொல்லித்தான் தெரியும். ஐந்து என்றால் ஐந்துதான். வங்கி ஆப்பில் மாதாமாதம் தானாகப் போகிற மாதிரி ஏற்பாடு செய்துவிடுங்கள், உங்கள் ஞாபகத்தை நம்பாதீர்கள். இரண்டாவது மாதமே ஒருவன் எட்டாம் தேதி போட்டான், பூ எடுக்கிற அக்கா ஐந்தாம் தேதி தருகிறேன் என்று கடையில் சொல்லி வைத்திருந்த வாக்கு பொய்யாகிப் போனது. மூன்று நாள்தானே என்று நமக்குத் தோன்றும்.

ஐந்தாவது மாத வாக்கில் நான் ஊருக்குப் போயிருந்தேன். கடை வாசலில் அந்த அக்காவே நிற்கிறார். பிள்ளை இல்லை. ஒரு லிட்டர் கடலெண்ணெய் கேட்டு, கடைக்காரர் எடுத்து வைத்ததைத் திருப்பிப் பார்த்து, "இது வேணாம், அந்தப் பழைய கம்பெனிதுதான் வேணும்" என்றார். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் எடுத்துவந்தார். பற்றில் வாங்குகிறவர்கள் இது வேண்டாம் அது வேண்டும் என்று சொல்ல முடியாது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டும். நான் பார்த்ததில் பெரிய மாற்றம் இதுதான், இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு ஓடுவது போய் முதல் நாளே போகிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான், போகிற அன்றைக்குக் கூலி போகுமே, அதற்குப் பயந்துதான் தள்ளிப் போடுவது.

மாதாமாதமா, மொத்தமாகவா

இதையும் அவர்களிடமே கேளுங்கள். மேற்குக் கென்யாவில் கிவ்டைரக்ட்லி என்கிற அமைப்பு ஏழை வீடுகளுக்கு செல்போன் வழியாக நேராகக் காசு கொடுத்தது. ஹவுஷோஃபர், ஷாபிரோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்து 2016-இல் எழுதினார்கள். மாதாமாதம் வாங்கிய வீடுகளில் சாப்பாட்டுக் கஷ்டம் குறைந்தது, மொத்தமாக வாங்கிய வீடுகளில் அது பொருளாக நின்றது. ஆடு மாடு வாங்கினார்கள், புல் கூரையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டார்கள். சாராயம், புகையிலைச் செலவு கூடவில்லை. நம் நாட்டிலும் 2011 வாக்கில் மத்தியப் பிரதேசத்தில் சேவா பெண்கள் சங்கம் யுனிசெஃப் பணத்தோடு சில கிராமங்களில் எல்லாருக்குமே கொடுத்துப் பார்த்தது. பெரியவர்களுக்கு மாதம் 200, பிள்ளைகளுக்கு 100, பிறகு 300, 150. அங்கேயும் கடன் குறைந்தது, கால்நடை கூடியது.

எங்கள் நாலில் ஒரு வீட்டில், கணவர் இல்லாத ஒரு தங்கச்சி, "மாசாமாசம் வேணாம்ணே, ஒரு வருசத்தது மொத்தமாக் குடுத்துருங்க" என்றது. 18,000. வெள்ளிக்கிழமை திருமங்கலம் ஆட்டுச் சந்தைக்குத் தன் தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு பெட்டைக் குட்டி வாங்கி வந்தது, மீதியில் கொட்டகைக்குத் தகரம். ஐப்பசி மழையில் ஒரு குட்டி கழிச்சலில் செத்துப்போனது. எங்கள் ஆட்களில் ஒருவன் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தான். மிஞ்சின ஆடு அடுத்த வருஷம் இரண்டு குட்டி போட்டது என்பதும் உண்மை, அதற்குள் அந்தத் தங்கச்சி மாதச் செலவுக்கு ரொம்பத் திண்டாடியதும் உண்மை. மறுபடி கொடுப்பதாக இருந்தால் பாதியை மொத்தமாகவும் பாதியை மாதாமாதமும் கொடுப்பேன். ஆடு மாடு வாங்குகிற வீட்டுக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962-ஐ எழுதிக் கொடுத்துவிடுங்கள், நாங்கள் கொடுக்கவில்லை.

கணக்கு அவர் பெயரில், அட்டையும் அவர் கையில்

பெண் பெயரில் தனிக் கணக்கு, ஜன்தன் அல்லது ஜீரோ பேலன்ஸ் கணக்காக இருக்கட்டும். சாதாரணக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகளில் பிடித்துவிடுவார்கள். 2023-இல் உரிமைத் தொகையின் முதல் மாதமே சில வங்கிகள் அந்த ஆயிரத்தில் இப்படிக் கைவைத்து, அரசு கண்டித்து, 1100-க்குப் புகார் செய்யச் சொன்னது ஞாபகம் இருக்கலாம். வங்கி கேட்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் 14448.

மே மாதக் கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் கழிந்திருந்தால் பதறாதீர்கள். அது பிரதமர் பெயரில் இருக்கிற ஆயுள் காப்பீடும் விபத்துக் காப்பீடும், தலைக்கு இரண்டு லட்சம். கணக்குத் திறக்கும்போது கையெழுத்து வாங்கியிருப்பார்கள், இவர்களுக்குத் தெரிந்திருக்காது. வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம். ஆனால் இப்படிக் கழிந்துகொண்டிருந்த கணக்குக்காரர் யாராவது அந்த வீட்டில் இறந்திருந்தால் உடனே வங்கிக்குப் போங்கள்.

கைரேகை வைத்து எடுப்பது கிராமத்தில் வசதிதான், ஆனால் களையெடுத்துப் பூப்பறித்த விரலில் ரேகை விழாது. "இன்னொருவாட்டி வைங்க" என்று வைக்கச் சொல்லி, இரண்டு தடவையும் கழித்துக்கொண்டு ஒரு தடவைக் காசைக் கொடுத்த ஆள் எங்களுக்கும் கிடைத்தான். ரசீது கேட்கச் சொல்லிக் கொடுங்கள், மாதம் ஒரு தடவை பாஸ்புக்கில் பதியச் சொல்லுங்கள். ரேகை விழாதவர்கள் பாஸ்புக்கோடு கிளைக்குப் போய்ச் சலானில் எடுக்கலாம்.

குடிக்கிற கணவர் இருக்கிற வீட்டில் ஏடிஎம் கார்டே வாங்காமல் இருப்பது நல்லது. எங்களுக்கு ஒரு வீட்டில் இந்தப் பாடு வந்தது. கார்டும் ரகசிய எண்ணும் அவரிடம், இரண்டு மாதக் காசு டாஸ்மாக்குக்குப் போனது. நாங்கள் ஆளைக் கூப்பிட்டுப் பேசலாம் என்றோம். அந்த வீட்டு மதினி, "நீங்க பேசிட்டுப் போயிருவீங்க, ராத்திரி நான்ல வீட்ல இருக்கணும்" என்றார். அவர் சொன்ன வழியே சரியாக வந்தது: கணக்கை மாற்றி அவருடைய அம்மா கணக்கில் போட்டோம், வாரம் ஒரு தடவை அம்மா வீட்டுக்குப் போய் வாங்கிக்கொண்டார்.

கணக்குக் கேட்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள்

பில் கேட்பது, பள்ளிக்கூட வருகை கேட்பது, "சத்தானதா வாங்கிக் குடுத்தியா" என்று விசாரிப்பது எதுவும் வேண்டாம். மெக்சிகோவில் 1997-இல் தொடங்கிய திட்டத்தில் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். அதைப் பார்க்க அரசாங்கத்துக்கு ஆள் இருக்கிறது, நமக்கு எதற்கு?

மொய் விஷயத்தில்தான் நாங்கள் வழுக்கினோம். ஆவணியில் ஒரு வீட்டுக் காசு 1500-உம் காதுகுத்து மொய்யாகப் போய்விட்டது என்று தெரிந்து, துபாய்க்காரன் குரூப்பில் நீளமாக வாய்ஸ் மெசேஜ் போட்டான், மொய் எழுதவா காசு அனுப்பறேன் என்று. உசிலம்பட்டிப் பக்கம் மொய் என்றால் என்னவென்று அவனுக்கே தெரியும், அவன் வீடு கட்டியதே மொய்யில்தான். எழுதினால்தான் திரும்ப வரும், எழுதாத வீட்டை விசேஷத்துக்குக் கூப்பிடுவது நின்றுபோகும், நாளைக்கு அந்த வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் யார் வருவார்கள்? அந்த அக்காவுக்கு மொய் என்பது போட்டு வைக்கிற காசு.

சேமிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றும் சிலர் கிளம்புவார்கள். அழகர்கோவில் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரப் பெண், களஞ்சியம் என்கிற பெண்கள் சேமிப்புக் குழுக்களைக் கட்டி வளர்த்தவர், 2001-இல் விருது கொடுத்த வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். ஐம்பது ரூபாயில் நாலு நாள் ஓட்டுகிறவர்களுக்கு நாம் என்ன கணக்குச் சொல்லித் தருவது.

ஊருக்குள் தண்டோரா போடாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாதாமாதம் நிச்சயமாகக் காசு வருகிற வீடு என்று தெரிந்தால் கடன் கொடுக்கிறவன்தான் முதலில் வருவான். வாரக் குழுக் கடன் ஆட்கள் எங்கள் ஊரில் இரண்டு பேர், உரிமைத் தொகை ஏறுகிற வாரமாகப் பார்த்துப் புதுக் கடன் வேண்டுமா என்று வீடு வீடாகக் கேட்கிறார்கள். 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, இந்த மாதிரி வீடுகளில் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2025-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. வாசலில் வந்து உட்காருகிறவனிடம் இதைச் சொல்ல அவர்களுக்குத் தைரியம் வராது, நீங்கள் போனில் சொல்லலாம். பழைய கடன் இருந்தால் கைமாற்றை விட்டுவிட்டு, மீட்டர் வட்டி, நூற்றுக்கு ஐந்து வட்டி மாதிரியானதை முதலில் அடைக்கச் சொல்லுங்கள். நான் வாய் திறந்து சொன்ன ஒரே யோசனை அதுதான்.

நிறுத்துகிற தேதியையும் சொல்லிவிடுங்கள்

தொடங்குகிற அன்றைக்கே "பதினெட்டு மாசம், ஆடியோட முடியும்" என்று சொல்லிவிட்டோம். முடிய மூன்று மாதம் இருக்கும்போது மறுபடி ஞாபகப்படுத்தினோம். சொல்லாமல் நிறுத்தினால் அவர்கள் அடுத்த மாத ஐந்தாம் தேதியை நம்பி யாரிடமாவது வாக்குக் கொடுத்திருப்பார்கள். முடிக்கிற மாதம் ஜூனாக இருக்க வேண்டாம், பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். பனிக் காலமும் வேண்டாம்.

முடிந்ததும் வங்கி ஆப்பில் அந்தத் தானாகப் போகிற ஏற்பாட்டை ரத்து செய்யுங்கள். நான் மறந்துவிட்டேன். பூ எடுக்கிற அக்காவுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு மாதம் போயிருக்கிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, "ஏங்க்கா, ரெண்டு மாசம் சேத்து வந்திருக்கே, ஒரு போன் போட்டுச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். அக்கா பூவைத் தொடுத்துக்கொண்டே சொன்னார்: "நீ மறந்துட்டன்னு எனக்கும் தெரியும்ப்பா. எதுக்கு ஞாபகப்படுத்தணும்னு விட்டுட்டேன்."